பாலம் 46 நாளில் எழுந்தது, தனுஷ்கோடி ஏன் எழவில்லை?

கேள்வி: ஒரு வாசகர், 22 டிசம்பர் 2024

இன்றோடு அறுபது வருஷம். 1964 புயலில் பாம்பன் பாலமும் போச்சு, தனுஷ்கோடியும் போச்சு. பாலத்தை 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். ஊரை மட்டும் ஏன் அப்படியே விட்டார்கள்? நிலம் மொத்தமும் கடலுக்குள் போய்விட்டதா? நான் கேட்டவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

22 டிசம்பர் 2024, இரவு

நிலம் போகவில்லை. இன்றைக்கும் அங்கே நிற்கலாம், நடக்கலாம், ஸ்டேஷன் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். கடைசி முனையான அரிச்சல்முனைவரை தார் ரோடே போகிறது. ஊர் திரும்ப எழாததற்குக் காரணம் கடல் பாதி, கோட்டையில் எடுத்த முடிவு பாதி.

பாலம் இராமேஸ்வரத்துக்குப் போகிற பாலம். அங்கே கோவில் இருக்கிறது, வடநாட்டிலிருந்து யாத்திரைக்காரர்கள் வருகிறார்கள், தீவு முழுக்க ஜனம் இருக்கிறது. பாலம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. தனுஷ்கோடிக்குப் போன ரயிலோ இலங்கையில் இருக்கிற தலைமன்னாருக்குப் போகும் கப்பலைப் பிடிப்பதற்காகப் போனது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்தே புறப்படலாம் என்று முடிவானதும், மணலில் அத்தனை தூரம் தண்டவாளம் போட யாருக்கும் அவசியம் இல்லாமல் போனது. வாழத் தகுதியற்ற இடம் என்று சென்னை அரசு அறிவித்தது. அப்போது பக்தவத்சலம் முதலமைச்சர்.

23 டிசம்பர் 2024, காலை

ஒரு திருத்தம். மேலே ஒரு நண்பர் "போட் மெயில் ரயில் கவிழ்ந்தது" என்று எழுதியிருக்கிறார். போட் மெயில் என்பது எழும்பூரிலிருந்து கொழும்புக் கப்பலைப் பிடிக்க வந்த ரயில். பரவலாக இப்படித்தான் சொல்கிறார்கள். போனது போட் மெயில் இல்லை. பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடிய 653-ம் எண் பாசஞ்சர். 22-ந் தேதி இரவு பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாம்பனிலிருந்து கிளம்பியது. ஆறு பெட்டி. தனுஷ்கோடி ஸ்டேஷன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சிக்னல் விழவில்லை. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஊதல் கொடுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தினார். அப்போதுதான் அலை வந்தது. 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்பது ரயில்வே கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

என்ன நடந்தது என்பது வெளியே தெரியவே இரண்டு நாள் பிடித்தது. தந்திக் கம்பம் இல்லை, ரோடு இல்லை, பாலத்தைத் தாங்கிய இரும்பு உத்திரங்களான 145 கர்டர்களில் 126 கடலுக்குள் கிடந்தன. ரயில் பெட்டிகளின் மரச்சட்டங்கள் இலங்கைக் கரையில் ஒதுங்கின.

இதை எழுதும்போதே கை நின்று போகிறது. மதியம் தொடர்கிறேன்.

23 டிசம்பர் 2024, மதியம்

புயலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிசம்பர் 17-ந் தேதி தெற்கு அந்தமான் பக்கம் உருவான தாழ்வு நிலை அது. 19-ந் தேதி கடும் புயலாகி, 21-க்குப் பிறகு கோடு போட்ட மாதிரி மேற்கே வந்தது. ஒரு நாளைக்கு 400 முதல் 550 கிலோமீட்டர். 22-ந் தேதி இலங்கையில் வவுனியா வழியாகக் கடந்து அன்றிரவே பாக் நீரிணையில் இறங்கியது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர், அலை ஏழு மீட்டர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கரையிலும் சேர்த்து 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைமன்னார் இறங்குதுறையும் சேதமானது. நம் பக்கத்தை மட்டுமே பேசுகிறோம். மன்னார்க் கரையிலும் அதே இரவில் வலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை.

24 டிசம்பர் 2024

ஊர் எப்படி இருந்தது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எங்கள் தாத்தா கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். பரமக்குடியில் ரயிலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் பிடித்து, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, விடியற்காலம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். எழும்பூரிலிருந்தே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் வாங்கலாம். நடுவில் கடல் சுமார் 35 கிலோமீட்டர், கப்பலில் இரண்டு மணி நேரத்துப் பாடு. 'இர்வின்', 'கோஷன்' என்று இரண்டு கப்பல்களின் பேரைத் தாத்தா வீட்டு மாடுகளின் பேரைச் சொல்வது போலச் சொல்வார்.

அவர் சொன்னதில் எனக்கு மனசில் நின்றது கஸ்டம்ஸ் மேசைதான். ஊர் திரும்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து போடச் சொல்வார்களாம். தேயிலைப் பொட்டலம், சவுக்காரம், அப்பத்தாவுக்கு ஒரு சேலை எல்லாம் வெளியே வரும். பின்னால் நிற்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருத்தர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ரயிலடிக்கே தெரிந்துவிடும். "யாரு வீட்ல கல்யாணம் வச்சிருக்காகன்னு தனுஸ்கோடியிலேயே தெரிஞ்சு போகும்டா" என்பார்.

ஸ்டேஷன், கஸ்டம்ஸ் ஆபீஸ், துறைமுக ஆபீஸ், போஸ்ட் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சத்திரங்கள், சாப்பாட்டுக் கடை, ஜவுளிக்கடை. கப்பல் நேரத்துக்கு விழித்து, கப்பல் போனதும் ஓய்ந்துவிடுகிற ஊர். சோறு, படுக்கை, சுமைகூலி எல்லாமே வண்டி வரும் நேரத்தைப் பார்த்து நடந்தன.

26 டிசம்பர் 2024

"இராமாயண காலத்து ஊர் அழிந்துவிட்டது" என்று எழுதியவருக்கு.

தீர்த்தம் பழையது. ஊர் பழையதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கேள்விக்குப் பதில் கிடைக்கும். காசி யாத்திரை போகிறவர்கள் சேதுவில் முழுகி, மணல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வது நூற்றாண்டுக் கணக்காக நடக்கிறது. அதற்காகத்தான் வழியெல்லாம் சத்திரங்கள். முகுந்தராயர் சத்திரம் என்ற பேர் இன்றைக்கும் பஸ் ஸ்டாப் பேராக நிற்கிறது.

நாம் பேசுகிற டவுன் 1914-ல் பிறந்தது. அதற்கு முன்னால் போட் மெயில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல். இந்தியாவையும் இலங்கையையும் பாலம் போட்டு இணைத்துவிடலாம் என்று வெள்ளைக்காரன் வெகுநாள் யோசித்தான். செலவைப் பார்த்துக் கைவிட்டு, பாம்பன் வரை பாலம், மிச்சத்துக்குக் கப்பல் என்று தீர்மானித்தான். 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலமும் கப்பல் சேவையும் திறந்தன. பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேஸ்வரம் கோவிலுக்கு, ஒன்று தனுஷ்கோடிக்கு. போட் மெயில் ஏறி கொழும்பு போகிறவருக்கு இராமேஸ்வரம் வழியில்கூடக் கிடையாது.

ஐம்பது வருஷம் வாழ்ந்த ஊர். மனுஷ ஆயுசைவிடக் குறைவு.

26 டிசம்பர் 2024, சற்று நேரம் கழித்து

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் போனவர்களில் எங்கள் தாத்தா மாதிரிக் கடைக்காரர்கள் சிறுபான்மை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனம்தான் அதிகம். ஆள் சேர்க்கிற கங்காணி பிடித்துக் கொண்டுவருவார். மண்டபம் கேம்ப்பில் வைத்து, வைத்திய சோதனை முடித்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரயிலேற்றுவார்கள். தனுஷ்கோடி அவர்களுக்குக் கடைசியாகப் பார்த்த சொந்த மண். அவர்களுக்குக் கஸ்டம்ஸ் மேசைக் கதை கிடையாது, பெட்டியே கிடையாது.

ஊரைப் பற்றி உருகி எழுதுகிற எல்லோரும் கப்பலையும் வெள்ளைக்காரத் துரையையும்தான் எழுதுகிறார்கள். கூலிச் சனத்தை எழுதாத தனுஷ்கோடி வரலாறு பாதி வரலாறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

29 டிசம்பர் 2024

கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியதைப் பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. புயலுக்கு இரண்டு மாதம்கூட முந்தாது, 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. தாத்தனும் பாட்டனும் எந்த வழியாகப் போனார்களோ அந்த வழியாகவே பேரப்பிள்ளைகள் திரும்பி வர வேண்டும். அந்த நேரம் பார்த்து வழியே இல்லாமல் போனது.

பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 'இராமானுஜம்' கப்பல் ஓடியது. திரும்பி வந்தவர்கள் இறங்கியது இராமேஸ்வரத்தில், தங்கியது மறுபடி மண்டபம் கேம்ப்பில். இலங்கையில் உள்நாட்டுச் சண்டை முற்றியதும் 1984-ல் அதுவும் நின்றது. அதன் பிறகு அதே மண்டபத்தில் அகதிகள் முகாம். போனவர்கள், திரும்பியவர்கள், தப்பி வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே இடம்.

தனுஷ்கோடி துறைமுகம் மறுபடி எழாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நினைத்தபோது போய்வந்த காலம் அதோடு முடியத் தொடங்கியது. புயல் அடிக்கும்போது அந்த ஊரின் தொழில் ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்தது. 1914-ல் இருந்த அவசரம் 1965-ல் யாருக்கும் இல்லை.

30 டிசம்பர் 2024

கர்டர் பற்றி எழுதச் சொன்னவருக்குச் சுருக்கமாக.

ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாக்கினார். பொறுப்பில் இருந்த இளம் இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ எல்லாம் அவர் கைவேலை. கடலில் போன கர்டர்கள் எங்கே கிடக்கின்றன என்று ஒரு மீனவர் வந்து சொன்னதும், அவற்றை மேலே தூக்கித் திரும்பப் பொருத்தியதும்தான் வேலையை வேகப்படுத்தியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு வழிவிட்டுத் தூக்கும் நடுப்பகுதி புயலில் தப்பி நின்றுவிட்டது. அதுவும் பெரிய உதவி.

புயலோடு வாழ்கிறவன் கடலுக்கு அடியில் இரும்பு கிடக்கும் இடம் காட்டினான். பாலம் எழுந்தது. அதே மீனவர்கள் தனுஷ்கோடியில் குடிசை போட்டபோது கரண்ட் கேட்டார்கள். வரவில்லை.

4 ஜனவரி 2025

மேலே எழுதியவற்றை முழுக்கப் படித்துப் பார்த்தேன். அரசு செய்ததெல்லாம் தவறு என்ற தொனி வந்துவிடக்கூடாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இராமேஸ்வரத்தில் வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். நடுவில் மணல் திட்டு. சில இடங்களில் நின்ற இடத்திலிருந்தே இரண்டு கடலும் தெரியும். வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்காற்று வந்தால் தலைகீழ். அங்கே மறுபடி இரண்டு மாடி ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டி, ஆயிரக்கணக்கில் ஆட்களைக் குடிவைத்திருந்தால் அடுத்த புயலில் என்ன ஆகும்? டவுனைத் திரும்பக் கட்டாதது சரி என்றே நினைக்கிறேன். மூன்று வருஷம் முன்னால் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் சுற்றியதிலிருந்து மெல்ல மெல்ல மனசு மாறியது.

ஆனால் "ஆள் இல்லாத ஊர்" என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் இருந்தார்கள். சில மாதத்திலேயே மீன்பிடிக்கிறவர்கள் திரும்பிவிட்டார்கள். கம்பிப்பாடு, பாலம் என்று அங்கே இரண்டு குடியிருப்புகள் இருக்கின்றன. ஓலைக் குடிசைதான். சுற்றுலா விளம்பரத்தில் 'பேய் நகரம்' என்று போடுகிறார்கள். பேய் நகரத்தில் குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டியிருக்கிறது. ஊரே இல்லை என்று அறிவித்துவிட்டால் கரண்ட் கம்பி இழுக்க வேண்டியதில்லை, ரோடு போட வேண்டியதில்லை, பள்ளிக்கூடம் திறக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் வரப் பல பத்தாண்டு ஆனது.

வாழத் தகுதியற்ற இடம் என்றால் வாழ்கிறவனுக்கு வேறு இடம் காட்டு. காட்டவில்லை என்றால் இருக்கிற இடத்தில் தண்ணீரும் விளக்கும் கொடு. இரண்டும் இல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆறவில்லை.

5 ஜனவரி 2025

தண்ணீர் பற்றி ஒரு சகோதரி கேட்டிருந்தார், சுற்றிலும் கடலாயிற்றே, குடிக்க என்ன செய்தார்கள் என்று.

மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர். நானே பார்த்தேன், குடித்தேன். கடல் அலை காதில் விழுகிற தூரத்தில் ஓர் அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து கையாலேயே குழி பறித்தார். முழங்கை ஆழம்கூட இல்லை. அடியில் மணல் கறுத்து, ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. முதலில் வந்த கலங்கலைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றினார். இரண்டாம் தடவை தெளிந்தது. சிரட்டை சிரட்டையாகக் குடத்துக்குள். குடம் நிறைய வெகுநேரம் பிடித்தது. அவர் அவசரப்படவே இல்லை. அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஏறிவிடும் என்றார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேல்பக்கத்தில் மட்டும் அள்ளினால் வருஷம் பூராவும் வரும்.

"டவுன் இருந்தப்பவும் இதே தண்ணிதான தம்பி" என்றார்.

9 ஜனவரி 2025

கூரையில்லாத ஒரு கட்டடத்தின் படம் போட்டு, இது சர்ச்சா, போஸ்ட் ஆபீஸா என்று கேட்டவருக்கு நன்றி. அது சர்ச்சேதான், போஸ்ட் ஆபீஸ் இல்லை. சுவரை உற்றுப் பார்த்தால் அடையாளம் தெரியும். செங்கல் கிடையாது, கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். பூச்சு உதிர்ந்த இடத்தில் கை வைத்தால் சொரசொரப்பு. சில கற்களில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைகள், சிலவற்றில் வளைந்து வளைந்து போகிற வரிகள். ஒரு காலத்தில் உயிராக இருந்த கல். ஆல்டர் என்கிற பூசைப் பீடம் இருந்த மேடை இன்னும் நிற்கிறது. கூரை இல்லை.

தயவுசெய்து அந்தக் கல்லை நினைவுக்கு என்று பெயர்த்து எடுக்காதீர்கள். சுவரில் பேர் எழுதாதீர்கள். புயல் விட்டுவைத்ததை நாம் தின்று தீர்க்கிறோம். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஏதாவது ஒரு வரிசை குறைந்திருக்கிறது.

தாத்தா பேசிய ரயிலடியில் இப்போது சில தூண்கள்தான் மிச்சம். பக்கத்தில் ரயில்வே தண்ணீர்த் தொட்டி இருந்த கட்டடம்.

13 ஜனவரி 2025

ரோட்டுக்கு முந்தைய காலம் பற்றி நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்தான். உள்ளே திணித்து ஏற்றுவார்கள். சேற்றுத் தண்ணீரில் சக்கரம் பாதி மூழ்கப் போகும். ஓட்டுகிறவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்த இடம் இறுகியது, எந்த இடம் இழுக்கும் என்று கண்டுபிடிப்பார். வழியில் மணலுக்குள்ளிருந்து பழைய தண்டவாளக் கட்டை அங்கங்கே தலை நீட்டும்.

2017 ஜூலை 27-ல் அரிச்சல்முனைவரை ரோடு திறந்தது, சுமார் ஒன்பதரை கிலோமீட்டர். அப்துல் கலாம் நினைவிடம் திறந்த அதே நாள். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிகிறது, மீன் கெடாமல் சந்தைக்குப் போகிறது. இந்த ரோடு நல்ல ரோடு. வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு மட்டும் வேறு பிழைப்பு தேட வேண்டியதாயிற்று. சிலர் சங்குக் கடை போட்டார்கள், சிலர் மீன் வறுவல் கடை.

7 ஏப்ரல் 2025

நேற்று புதிய பாம்பன் பாலம் திறந்துவிட்டார்கள். 1914 பாலத்தின் காலம் முடிந்தது. இந்தச் சாக்கில் பழைய கேள்வி மறுபடி வந்திருக்கிறது: இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் வருமா?

2019 மார்ச்சில் அதற்கு அடிக்கல்லே நாட்டினார்கள். சுமார் 17 கிலோமீட்டர், செலவு 208 கோடி ரூபாய். பிறகு மாநில அரசு வேண்டாம் என்றது. சுற்றுச்சூழல் தாங்காது என்பது வாதம். தாத்தாவின் பேரனாக எனக்கு அந்த ரயிலில் ஒரு தடவை போக ஆசை உண்டு. இருந்தாலும் வேண்டாம் என்பவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். 1914-ல் அந்த ரயில் இரண்டு நாட்டைச் சேர்த்தது. இப்போது போட்டால் செல்ஃபி எடுக்கிறவர்களைத்தான் கொண்டுபோய்க் கொட்டும். அந்த மணல் தாங்காது. தலைமன்னார்க்காரர்களுக்கு 2015 மார்ச்சில் இறங்குதுறைவரை ரயில் திரும்பக் கிடைத்துவிட்டது. அங்கே வந்து நிற்கிற ரயிலுக்குக் கப்பல் ஒன்று வரட்டும், இராமேஸ்வரத்திலிருந்து. அதைத்தான் கேட்க வேண்டும்.

8 ஜூன் 2025

மூன்று நாள் முன்னால் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள், சுமார் 525 ஹெக்டேர். வெகு தூரத்திலிருந்து வந்து சேற்றுத் தண்ணீரில் நிற்கிற பறவைகள் அவை. அறிவிப்பைப் படித்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஹோட்டலும் ரிசார்ட்டும் வராமல் இருக்க இது ஒரு வேலி.

கூடவே ஒரு கவலை. கரைவலை இழுக்கிறவர்களையும் குடிசைக்காரர்களையும் இந்தப் பேரைச் சொல்லி நாளைக்கு யாரும் கிளப்பிவிடக் கூடாது. இராமேஸ்வரம் பக்கம் இருக்கிற நண்பர்கள் யாராவது கம்பிப்பாட்டுக்காரர்களிடம் பேசினால், எல்லை எங்கே வருகிறது, வலை இழுக்கும் இடம் உள்ளே வருகிறதா என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அடுத்த வாடைக்கு முன்னால் நானும் போகப் பார்க்கிறேன். மீனவர் சங்கத்தில் யாரையாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அவர்களையும் பார்த்துவிட்டு வருகிறேன்.